பூசையில் ஓட்டுக் கேட்டால் தப்பா?

பேரவைச் செயலாளர்:
எங்க ஊர் கத்தோலிக்கப் பங்கில் நாலு வருஷமா பங்குப் பேரவைச் செயலாளரா இருக்கேன். போன தேர்தலுக்கு முந்தின ஞாயிறு, ரெண்டாம் பூசையில் சாமி, அதாவது எங்க பங்குக் குரு, மறையுரையை முடிக்கிறப்போ, "யாருக்குன்னு சொல்லணுமா? நம்மள மதிக்கிறவங்களுக்குப் போடுங்க" என்றார். கடைசி பெஞ்சில் இருந்த ஒருத்தர் எழுந்து போயிட்டார். அவர் வேற கட்சி. ஆனா வருஷா வருஷம் திருவிழாச் சப்பரத்துக்கு முதல் தோள் அவருடையதுதான். இப்போ பக்கத்து ஊருக்குப் பூசைக்குப் போறார். "பீடத்தில் அரசியல் வேண்டாம்"னு பேரவையில் தீர்மானம் கொண்டுவரலாமா? சட்டம் என்ன சொல்லுது?

கோர்ட்டுக்காரன்:
அண்ணாச்சி, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(3) பாருங்க. மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பது முறைகேடு. 2017 ஜனவரி 2-ல் உச்ச நீதிமன்றம், ஏழு நீதிபதிகள், 4-க்கு 3 பெரும்பான்மையில் சொன்னது: வேட்பாளர் மதம் மட்டுமில்ல, வாக்காளர் மதத்தைச் சொன்னாலும் அதே கதைதான். 'போடலேன்னா தெய்வ கோபம்'னு மிரட்டினா 123(2). ஆனா சாமி தானா பேசினா போதாது, வேட்பாளர் சம்மதம் இருந்ததுன்னு காட்டணும். அங்கேதான் கேஸ் படுத்துக்கும். கோயில் கட்டடத்தையே அரசியலுக்குப் பயன்படுத்துறதைத் தடுக்க 1988-ல் தனிச் சட்டம் இருக்கு, 5 வருஷம் வரை ஜெயில். அவ்வளவு தூரம் ஏன்? குருக்கள் கட்சி வேலையில் இறங்கக் கூடாதுன்னு திருச்சபைச் சட்டம் 287-லேயே இருக்கே. ஆயர்கிட்ட அதைக் காட்டினாலே போதும்.

அன்பியம் டீச்சர்:
தீர்மானம் போடுங்க தம்பி, ஆனா 'அரசியல்'னு மொட்டையா எழுதாதீங்க. நான் தலித் கிறிஸ்தவர். யார் எஸ்.சி.ன்னு சொல்லி 1950 ஆகஸ்ட் 10-ல் வந்த ஜனாதிபதி ஆணைப்படி, கிறிஸ்தவரா இருக்கிறதால நான் எஸ்.சி. இல்ல. 1956-ல் சீக்கியரைச் சேர்த்தாங்க, 1990-ல் பௌத்தரைச் சேர்த்தாங்க, நாங்க இன்னும் வெளியே. என் சித்தி மகன் சர்டிபிகேட்டில் இந்து, அவன் எஸ்.சி. எனக்கு பி.சி. ஒரே முற்றம், ஒரே கிணறு. மதச்சார்பற்ற அரசுதான் என் மதத்தைக் கேட்டுட்டு சலுகையை நிறுத்துது. ஆகஸ்ட் 10-க்குக் கோயிலில் கறுப்புக் கொடி ஏத்துறோமே, அதுவும் அரசியல்தானே? உங்க தீர்மானம் அதையும் இறக்கிடாதா?

பேரவைச் செயலாளர்:
டீச்சர், அதை நான் யோசிக்கவே இல்ல. 'கட்சி, வேட்பாளர், சின்னம்' இந்த மூணை மட்டும் எழுதுறேன். கறுப்புக் கொடி அப்படியே இருக்கட்டும். சாமிகிட்ட யார் சொல்றதுன்னுதான் இப்போ தெரியல. அதுக்கு முன்னாடி கடைசி பெஞ்சுக்காரர் வீட்டுக்கு ஒரு எட்டு போகணும். அடுத்த மாசம் திருவிழா, சப்பரத்துக்கு ஆள் வேணும்ல.