நுரையீரல் தமனி உயர் அழுத்தம்: மாத்திரை விலையைத் தாண்டி குடும்பத்தை எது சாய்க்கிறது?

சமூகப்பணி_தாம்பரம்
வணக்கம். பி.ஏ.எச். (இதயத்திலிருந்து நுரையீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகளில் அழுத்தம் கூடும் நோய்) நோயாளிகளின் குடும்பங்களுக்கு ஒரு கையேடு தயாரிக்கிறேன். பெரும்பாலும் முப்பது, நாற்பது வயதுப் பெண்கள். மாதாமாதம் மாத்திரை வாங்கும் செலவு எல்லாருக்கும் தெரிகிறது. அதைத் தவிர பணமும் நாளும் எங்கே கரைகின்றன, சிகிச்சை எந்த இடத்தில் அறுந்துபோகிறது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கேத்லேப்_சென்ட்ரல்
மருந்துக்கு முன்னாடியே விரயம் ஆரம்பம். படியேறினால் மூச்சு வாங்குகிறது என்றால் ரத்தசோகை, ஆஸ்துமா என்று ஆளுக்கொன்று சொல்லி இன்ஹேலர் கொடுத்து அனுப்புவார்கள். ஒருவழியாக எக்கோவில் (இதய ஸ்கேனில்) அழுத்தம் கூடுதல் என்று வந்ததும் நேரே நுரையீரல் நாளங்களை விரிக்கும் சில்டெனாஃபில் மாத்திரை எழுதிவிடுவதும் நடக்கிறது. இது கூடாது. எக்கோ சந்தேகத்தைக் கிளப்பும், அவ்வளவுதான். வலது இதயத்துக்குள் கதீட்டர் என்ற மெல்லிய குழாயை விட்டு அளக்க வேண்டும்: தமனியின் சராசரி அழுத்தம் 20 மி.மீ.க்கு மேல், வெட்ஜ் அழுத்தம் (இடது இதயப் பக்கத்து அழுத்தத்தைக் காட்டும் அளவு) 15 அல்லது அதற்குக் கீழ், ரத்தநாளத் தடை 2 வுட் அலகுக்கு மேல். மூன்றும் சேர்ந்தால்தான் பி.ஏ.எச். ஆக இருக்க முடியும். வெட்ஜ் 15-ஐத் தாண்டினால் கோளாறு இடது இதயத்தில். அப்போது நுரையீரல் நாளங்களை விரிக்கும் மருந்து கொடுத்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, வி.க்யூ. ஸ்கேன் (நுரையீரலில் காற்றும் ரத்தமும் எங்கே போகின்றன என்று காட்டுவது). பழைய ரத்தக்கட்டிகள் தங்கி அழுத்தம் ஏறியிருந்தால் அறுவை சிகிச்சையிலேயே சரிசெய்ய வாய்ப்புண்டு. சி.டி.யில் ஒன்றும் இல்லை என்பதை மட்டும் நம்பி இதை விட்டுவிடாதீர்கள்.

மருந்தாளுநர்_குரோம்பேட்டை
அறுந்துபோவது பெரும்பாலும் மருந்துக்கடை வாசலில்தான். சில்டெனாஃபில் 20 மி.கி. மூன்று வேளை, 20 கிடைக்காமல் 25, 50 கிடைக்கும். உடைத்துப் போடலாமா என்று மருத்துவரைத்தான் கேட்க வேண்டும். சீட்டில் நோயின் பெயரும் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஆண்மைக்குறைவு மாத்திரை என்று காப்பீட்டுக்காரர்கள் தள்ளிவிடுவார்கள், கவுண்டரில் அந்தப் பெண்ணும் கூனிக்குறுகி நிற்க வேண்டிவரும்.

இந்த நோய்க்கே கொடுக்கும் இன்னொரு மருந்து போசென்டான், வழக்கமாக 62.5 மி.கி. இரு வேளையில் தொடங்கி, நாலு வாரம் கழித்து 125 இரு வேளை. ஈரல் பரிசோதனை மாதாமாதம். அந்தச் செலவையும் கணக்கில் எழுதுங்கள். போசென்டானும் அதே வகை மருந்துகளான ஆம்ப்ரிசென்டான், மேசிடென்டானும் கருவிலுள்ள குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு உண்டாக்கலாம். போசென்டான் கருத்தடை மாத்திரையின் பலனையும் குறைக்கும், அதனால் மாத்திரையை மட்டும் நம்பக் கூடாது. இந்த நோயில் கர்ப்பமே தாயின் உயிருக்கு ஆபத்து என்பதைக் கையேட்டில் பெரிய எழுத்தில் போடுங்கள்.

நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட்டும் சில்டெனாஃபிலும் சேரவே கூடாது. இந்த நோய்க்கே கொடுக்கும் ரியோசிகுவாட் என்ற மருந்தோடும் சில்டெனாஃபில் சேராது. சளிக்கு வாங்கும் சூடோஎஃபெட்ரின் கலந்த மாத்திரையும் வேண்டாம்.

ஸ்ட்ரிப்பில் பத்து நாள் மாத்திரை மிச்சம் இருக்கும்போதே அடுத்ததைச் சொல்லிவையுங்கள். திடீரென்று நிறுத்தினால் உடல்நிலை சட்டென்று இறங்கும்.

சமூகப்பணி_தாம்பரம்
மிக்க நன்றி. வீட்டில் ஆக்சிஜன் வைத்திருப்பவர்களுக்கு என்ன எழுதட்டும்? முதலமைச்சர் காப்பீடு எதுவரை கைகொடுக்கும்?

ஆக்சிஜன்_பள்ளிக்கரணை
அஞ்சு லிட்டர் கான்சென்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் கருவி) சுமார் 350 வாட் இழுக்கும். நாளுக்கு 16 மணி நேரம் ஓடினால் 5.6 யூனிட், இரண்டு மாத பில்லில் ஏறத்தாழ 336 யூனிட். மற்ற உபயோகத்தோடு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் அதற்குக் கீழே உள்ள சில யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து ஏறும். கரன்ட் பில் நம் ஊரில் யாரும் மருத்துவச் செலவாக எழுதுவதில்லை, எழுத வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் தயாராக வேண்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் இங்கே பல தெருக்களில் நாள்கணக்கில் கரன்ட் இல்லை. சின்ன பி டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் பன்னிரண்டரை மணி நேரம்தான் வரும். டி டைப்பில் 7,000 லிட்டர், இரண்டு நாளுக்கு மேல் தாங்கும், ஆனால் மாடிக்கு ஏற்ற ஆள் வேண்டும். ரெகுலேட்டரும் ஸ்பேனரும் சிலிண்டர் பக்கத்திலேயே கட்டிக் கிடக்கட்டும்.

கேத்லேப்_சென்ட்ரல்
காப்பீட்டுத் திட்டம் முக்கியமாக மருத்துவமனையில் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்கு. கதீட்டர் பரிசோதனைக்கு அனுமதி கிடைக்குமா என்று சேருவதற்கு முன்பே அங்குள்ள திட்ட அலுவலரிடம் கேளுங்கள். மாதாந்திர மாத்திரைக்கு அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அரசு மருத்துவமனை இதயப்பிரிவு ஓ.பி.யில் எந்த மருந்து இருப்பில் உள்ளது என்று கேட்டு, இல்லாததை மட்டும் வெளியில் வாங்கலாம்.

தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின் எடை பார்க்கச் சொல்லுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால், கால் வீங்கினால், தலைசுற்றி விழுந்தால் அடுத்த ஓ.பி. தேதிவரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போக வேண்டும்.