மறு: ஓவர் என்றாலே 'மேல்' தானா?

அனைவருக்கும் வணக்கம். 'ஓவர் தி ஏர் அப்டேட்' என்பதற்குத் தமிழ் தேடித் தொடங்கிய இந்த இழையில், மென்பொருளைத் தமிழாக்கும்போது ஆங்கில 'ஓவர்' (over) என்ற சொல்லை எப்படிப் பெயர்ப்பது என்பது பற்றி ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ஓவர் வருகிற இடமெல்லாம் 'மேல்' என்றே வைத்துவிடலாம். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்றால்தான் சீர்மை வரும். பிறகு தேடுகிறவர்களுக்கும் எளிது.

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்கிற சரங்களில் (மென்பொருள் திரையில் தோன்றும் சிறு தொடர்களில்) இந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கோப்பு, உலாவி, கடவுச்சொல் போன்றவை பெயர்கள். அவற்றுக்கு ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்ற விதி நன்றாகவே பொருந்தியது. ஓவர் அப்படிப்பட்ட சொல் இல்லை. நம் மொழியில் வேற்றுமை உருபு எந்த வேலையைச் செய்கிறதோ, பெரும்பாலும் அந்த வேலையைத்தான் அது ஆங்கிலத்தில் செய்கிறது. இரண்டு பொருள்களுக்கு நடுவே உள்ள உறவைக் காட்டுகிறது. உறவு மாறினால் நம் சொல்லும் மாறத்தான் வேண்டும். ஆங்கிலேயர் தொலைபேசிக்கு ஓவர் போட்டுப் பேசுகிறார், நாம் போனில் பேசுகிறோம். அவர் தேநீருக்கு ஓவர் போடுகிறார், நாம் டீ குடித்துக்கொண்டே பேசுகிறோம். இந்த இரண்டிலும் யாரும் 'மேல்' தேடிப் போவதில்லை. கணினி என்று வந்தவுடன் மட்டும் ஏன் தேட வேண்டும்?

'மேல்' என்ற சொல்லுக்கும் தமிழில் ஏற்கெனவே நிறைய வேலை இருக்கிறது. இனிமேல் என்றால் காலம், நூற்றுக்கு மேல் என்றால் அளவு, மேல்திசை என்றால் மேற்கு, மேலெல்லாம் வலிக்கிறது என்றால் உடம்பு. அவர்மேல் வழக்கு, அவள்மேல் பாசம் என்று வேறு வருகிறது. 'மீது' என்று மாற்றினாலும் இதே கதைதான். இணையத்தில் தொலைபேசிபோலப் பேசுகிற 'வாய்ஸ் ஓவர் ஐபி'க்குப் போன மடலில் ஒருவர் முன்வைத்த 'ஐபி மீது குரல்' என்பதைக் கணினி தெரியாத ஒருவரிடம் வாசித்துக் காட்டிப் பாருங்கள். ஐபி என்கிற யார்மீதோ குரல் எழுப்புகிறார்கள் என்றுதான் அவர் நினைப்பார். அங்கே நடப்பது என்ன? பேச்சு துண்டு துண்டாக நறுக்கப்பட்டு, இணைய நெறிமுறையின் (அதுதான் ஐபி) பொட்டலங்களில் ஏறி மறுமுனைக்குப் போகிறது. ஊடகம் எது, அதன் ஊடாகப் போவது எது என்பதுதான் செய்தி. அதற்கு நம்மிடம் 'வழி' இருக்கிறது. இணையவழி வகுப்பு என்ற சொல் 2020 ஊரடங்கில் பள்ளிப் பிள்ளைகள் வாயில் ஏறி உட்கார்ந்துவிட்டது. இணையவழிக் குரல் என்றால் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

'வழி' புதிதாக ஒட்டவைத்த சொல்லும் இல்லை. நன்னூலார் ஏழாம் வேற்றுமைக்கு 28 உருபுகளை அடுக்குகிறார். அந்தப் பட்டியலில் 'மேல்' இருக்கிறது, 'வழி'யும் இருக்கிறது. அங்கே அது இடப்பொருள்தான், நாம் இன்று சொல்கிற 'ஊடாக' என்ற பொருள் பிறகு வளர்ந்தது. ஆனாலும் இடத்தைக் காட்ட ஒரே ஓர் உருபு போதும் என்று நம் இலக்கணம் ஒருநாளும் சொன்னதில்லை. அதைச் சீர்மைக் குறைவு என்று யாரும் குறைசொன்னதும் இல்லை.

இனி இந்த எதிர்வாதம்:

> எச்டிடிபி ஓவர் டிஎல்எஸ் என்பதில் அடுக்குப் படத்தைப் பாருங்கள். டிஎல்எஸ் கீழே, எச்டிடிபி மேலே. 'மேல்' சரிதானே?

நல்ல கேள்வி. எச்டிடிபி வலைப்பக்கங்களைக் கொண்டுவருகிற நெறிமுறை, டிஎல்எஸ் அதை நடுவில் யாரும் படிக்க முடியாதபடி மறையாக்குகிற நெறிமுறை. படத்தில் அப்படித்தான் வரைகிறார்கள். 2000-இல் வந்த ஆர்எஃப்சி 2818 என்ற இணைய நெறிமுறை ஆவணத்தின் தலைப்பே 'எச்டிடிபி ஓவர் டிஎல்எஸ்' என்பதுதான். நெறிமுறை அடுக்கை விளக்குகிற பாடநூலில் 'டிஎல்எஸ் மேலமைந்த எச்டிடிபி' என்று எழுதினால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் நம் கையில் இருக்கிற சரம் பாடநூலில் வருவது இல்லை, உலாவியின் அமைப்புப் பக்கத்தில் வருவது. 'டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ்' என்று ஒரு பொத்தான். டிஎன்எஸ் என்பது தளப்பெயரைக் கேட்டு அதன் எண்முகவரியைத் தருகிற சேவை, எச்டிடிபிஎஸ் என்பது டிஎல்எஸ் சேர்ந்த எச்டிடிபி. அதை இயக்கலாமா வேண்டாமா என்று பயனர் முடிவு செய்ய வேண்டும். அவருக்குத் தெரிய வேண்டியது, தான் கேட்கிற தளப்பெயர்கள் எந்தப் பாதையில் போகின்றன என்பது. டிஎல்எஸ் வழி டிஎன்எஸ் என்றால் அதற்கென்று 853 என்ற தனித் துறை (போர்ட், அதாவது இணைப்புக்கான எண்), வலையமைப்பை நடத்துகிறவர் பார்த்தவுடன் கண்டுகொள்வார். எச்டிடிபிஎஸ் வழி டிஎன்எஸ் என்றால் மற்ற வலைப் போக்குவரத்து போகிற அதே 443-இல் கலந்துவிடும், பிரித்தறிவது கடினம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே பாதையில்தான் இருக்கிறது. 'மேல்' என்று எழுதினால் அந்தச் செய்தி விடுபட்டுப்போகிறது, 'வழி' என்றால் நிற்கிறது.

கண்காணிப்புக் கேமராவுக்கு மின்சாரமும் படமும் ஒரே கம்பியில் போகிற 'பவர் ஓவர் ஈதர்நெட்'டும் இந்தக் குடும்பம்தான். 2003-இல் வந்த முதல் தரத்தில் ஓர் இணைப்பு முனைக்கு 15.4 வாட் வரை அனுப்பலாம். ஈதர்நெட்வழி மின்சாரம் என்று வைத்துக்கொள்வோம். 'ஈதர்நெட் மேல் மின்சாரம்' என்று கேமரா பொருத்த வருகிறவரிடம் சொன்னால் அவர் பயந்து கையை எடுத்துவிடுவார்.

சரி, இந்த இழை எதற்காகத் தொடங்கியதோ அந்தச் சொல்லுக்கு வருகிறேன். 'ஓவர் தி ஏர் அப்டேட்'. கைப்பேசியோ காரோ, கம்பியில் செருகாமல், கடைக்கு எடுத்துப் போகாமல், இருந்த இடத்திலேயே புது மென்பொருளைப் பெற்றுக்கொள்வது. இதுவரை வந்த பரிந்துரைகள் மூன்று. வான்வழி என்பதை விமானமும் குண்டும் எடுத்துக்கொண்டுவிட்டன, வான்வழித் தாக்குதல் என்று செய்தியில் கேட்டுக் கேட்டுக் காது பழகிவிட்டது. காற்றுவழி என்றால் நோய்ப் பரவல் நினைவுக்கு வருகிறது, அறிவியலாகவும் அது சரியில்லை. ரேடியோ அலைக்குக் காற்றே தேவையில்லை, வெற்றிடத்திலும் போகும். மூன்றாவதான கம்பியில்லாப் புதுப்பிப்பு தவறில்லை, ஆனால் கம்பி இல்லை என்பதை மட்டும்தான் சொல்கிறது, எது இருக்கிறது என்பதைச் சொல்லவில்லை.

என் பரிந்துரை அலைவழி. அலைவழிப் புதுப்பிப்பு.

அலைவரிசை எல்லோருக்கும் தெரியும். அலைக்கற்றை என்ற சொல்லை 2ஜி ஒதுக்கீட்டுச் செய்திகள் டீக்கடைவரை கொண்டுபோய்ச் சேர்த்தன. அந்த இரண்டோடும் அலைவழி இயல்பாக ஒட்டிக்கொள்ளும். இன்னொரு வசதி, வீட்டு ஆன்டெனாவில் நேரடியாகப் பெறுகிற தொலைக்காட்சிக்கும் ஆங்கிலத்தில் இதே தொடர்தான் வழங்குகிறது. அலைவழி ஒளிபரப்பு என்று அங்கேயும் இதையே பயன்படுத்தலாம். கடல் அலை என்று குழப்பம் வராதா என்று ஒருவர் கேட்டிருந்தார். கடற்பயணத்துக்குக் கடல்வழி என்ற சொல் உறுதியாக நிலைத்திருக்கிறது, அலைக்கற்றையைக் கேட்டு யாரும் கடற்கரையை நினைப்பதில்லை. அந்த அச்சம் தேவையில்லை.

அடுத்தது நிரலாக்கம். இங்கேதான் 'மேல்' உண்மையிலேயே தீங்கு செய்கிறது. ஓவர்ரைட், ஓவர்ரைடு, ஓவர்லோட் மூன்றையும் மாணவர்கள் ஆங்கிலத்திலேயே குழப்பிக்கொள்வார்கள். நாமும் மேலெழுதல், மேலிடல், மேலேற்றம் என்று வரிசையாக வைத்தால் குழப்பத்தை அப்படியே தமிழுக்கும் கொண்டுவந்து சேர்த்தவர்கள் ஆவோம்.

ஓவர்ரைட்டுக்கு மேலெழுதல் இருக்கட்டும். பழைய தரவு இருந்த இடத்தில் புதியது எழுதப்படுகிறது, பழையது போய்விடுகிறது. படமும் சொல்லும் பொருந்துகின்றன. ஓவர்லோடுக்குத் தமிழ்நாட்டு மேல்நிலைப் பாடநூலில் பணிமிகுப்பு என்று போட்டிருக்கிறார்கள். ஆக்கியவர் யாரோ, நன்றாகச் சிந்தித்திருக்கிறார். ஒரே பெயருடைய செயற்கூறுக்கு (ஃபங்ஷன், ஒரு வேலையைச் செய்கிற நிரல்துண்டு) ஒன்றுக்கு மேற்பட்ட பணி, அவ்வளவுதான் விஷயம். ஆங்கிலத்தில் இருக்கிற சுமையை அவர் தூக்கிக்கொண்டு வரவில்லை. என்ன நடக்கிறது என்று பார்த்துப் பெயர் வைத்தார். இதை மாற்றவே கூடாது என்பது என் கருத்து.

ஓவர்ரைடுதான் கடினம். தாய் இனக்குழுவில் (கிளாஸ், ஒரே வகைப் பொருள்களுக்கான வார்ப்பு) ஒரு செயற்கூறு இருக்கிறது. சேய் இனக்குழு அதே பெயரில் தன்னுடையதை எழுதுகிறது. சேயின் பொருளிடம் (ஆப்ஜெக்ட்) கேட்டால் சேயினுடையது இயங்கும். தாயினுடையது அழியவில்லை, அங்கேயேதான் இருக்கிறது, வேண்டுமானால் அதையும் அழைத்துக்கொள்ளலாம். ஆகவே மேலெழுதல் என்பது பிழை, எதுவும் அழியவில்லையே. மீறல் என்றால் விதிமீறல் நினைவு வருகிறது, இது மொழி அனுமதித்த ஏற்பாடு. மறுவரையறை என்றால் சி மொழியில் அந்தப் பெயரிலேயே ஒரு பிழைச்செய்தி இருக்கிறது.

இலங்கைச் சட்டங்களின் தமிழ்ப் பதிப்பில் இதற்கு ஒரு வழி கிடைக்கிறது. அங்கே இயற்றப்படும் சட்டங்களின் கடைசிப் பிரிவாக ஒரு வாசகம் வழக்கமாக வரும். சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் ஒவ்வாமை ஏற்பட்டால் சிங்கள உரையே மேலோங்கி நிற்றல் வேண்டும் என்று. அந்த வாசகம் தமிழருக்கு உவப்பானதா என்பது வேறு பேச்சு. ஆனால் அந்த வினைச்சொல் எவ்வளவு துல்லியம் என்று பாருங்கள். இரண்டு உரையும் இருக்கின்றன, எதுவும் நீக்கப்படவில்லை, மோதல் வரும்போது எது செல்லும் என்பது மட்டும் முடிவாகிறது. ஓவர்ரைடு செய்வதும் இதையேதான். 'மேலோங்கல்' என்று வைக்கலாம் என்கிறேன். இது தன்வினைச் சொல், பிறவினைக்கு மேலோங்கச் செய் என்று நீட்ட வேண்டியிருக்கும் என்பது உண்மை. ஆனால் "சேயின் செயற்கூறு மேலோங்கும்" என்று வாக்கியத்தைத் திருப்பினால் அந்தத் தேவையே பெரும்பாலும் எழாது. வலைப்பக்கத்தின் தோற்றத்தை வகுக்கிற அழகுத்தாள்களில் (சிஎஸ்எஸ்) எந்த விதி செல்லும் என்று விளக்கும்போதும் இதே சொல் கைகொடுக்கும்.

மிகுதிப் பொருளுக்கு அதிகம் பேச வேண்டியதில்லை. 'ஓவரா பண்றான்' என்று பேச்சுத் தமிழ் இந்தச் சொல்லிலிருந்து எடுத்துக்கொண்டதே அந்தப் பொருளைத்தான். அங்கே 'மிகை' போதும். ஓவர்ஃபிட்டிங் மிகைப்பொருத்தம், ஓவர்ஹீட்டிங் மிகைவெப்பம். கணக்கியலில் வங்கி இருப்பை மிஞ்சி எடுக்கிற ஓவர்டிராஃப்டைத் தமிழ்நாட்டார் மேல்வரைப்பற்று என்பதை இலங்கையில் மேலதிகப்பற்று என்கிறார்கள். எனக்கு இரண்டாவது பிடித்திருக்கிறது, எதை மிஞ்சி எடுத்தோம் என்பது உடனே விளங்குகிறது. அதே இலங்கையில் ஓவர்ஹெட்டுக்கு (நேரடி உற்பத்தியில் சேராத செலவு) 'மேந்தலை' என்று உறுப்புக்கு உறுப்பு பெயர்த்தும் வைத்திருக்கிறார்கள், அது நிலைத்தும்விட்டது. நிலைத்ததைக் கலைக்க வேண்டாம், ஆனால் வலையமைப்புக்கு அதைக் கொண்டுவர வேண்டாம். இணையவழிக் குரலில் ஒவ்வொரு நெறிமுறையும் பொட்டலத்தின் முன்னால் தன் தலைப்பை ஒட்டுகிறது: ஐபி தலைப்பு 20 பைட், யூடிபி 8, ஆர்டிபி 12. ஆக ஒவ்வொரு பொட்டலத்திலும் குரலுக்கு முன்னால் 40 பைட் போகிறது. பேச்சைச் சுருக்குகிற ஜி.729 குறிமுறையில் 20 மில்லிநொடிப் பேச்சே 20 பைட்தான். பேச்சைப் போல இரண்டு மடங்கு கூடச் சுமக்க வேண்டியிருக்கிறது. இதற்குக் 'கூடுதற்சுமை' என்றால் நேராகப் போய்ச் சேரும்.

ஓவர்ஃப்ளோவுக்கு 'வழிதல்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. பாதை என்ற 'வழி'யோடு குழம்புமே என்ற கவலை வேண்டாம், ஒன்று பெயரோடு ஒட்டி வரும், மற்றது வினை. ஆனால் முழு எண்களுக்கு மட்டும் வழிதல் பொருந்தவில்லை. 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட் புறப்பட்டு ஒரு நிமிடம்கூட ஆகாமல் சிதறியது. 64 பிட் மிதவைப்புள்ளி எண் (தசமப் பகுதி உள்ள எண்) ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றியபோது 32,767 என்ற உச்சத்துக்குள் அது அடங்கவில்லை. எதுவும் வழிந்து பக்கத்தில் கொட்டவில்லை, எண்ணுக்கு அங்கே இடம் கொள்ளவில்லை. அதற்கு 'கொள்ளளவு மீறல்' என்று தனியாக வைக்கலாமா என்று யோசிக்கிறேன். இதில் எனக்கு உறுதியான முடிவு இல்லை, கருத்துச் சொல்லுங்கள்.

கிரிக்கெட்டைப் பற்றியும் யாரோ கேட்டிருந்தார்கள். தமிழ்நாட்டில் ஓவர் ஓவராகவே இருக்கிறது. ஈழத்தில் பந்துப் பரிமாற்றம் என்கிறார்கள். ஆறு பந்து முடிந்ததும் பந்து இன்னொருவர் கைக்கு, இன்னொரு முனைக்குப் போகிறது. நடப்பதைப் பார்த்து வைத்த பெயர், நீளம் மட்டும்தான் குறை. கணிதத்தில் பின்னத்துக்கு ஆங்கிலம் ஓவர் போடுகிறது, நாம் ஐந்தில் மூன்று என்று ஓர் 'இல்' வைத்து முடித்துவிடுகிறோம். 'வெக்டர் ஸ்பேஸ் ஓவர் எ ஃபீல்டு' என்கிற களத்தின் மீதான வெக்டர் வெளி என்பதில் மட்டும் 'மீதான' இருக்கட்டும். அங்கே களம் உண்மையிலேயே அடித்தளம்.

கடைசியாக ஒரு வேலை. 'ஓவர்' என்ற தனிச் சரம் மூன்று இடத்தில் சூழல் குறிப்பே இல்லாமல் வருகிறது. விளையாட்டில் அது 'முடிந்தது', அளவெல்லையில் 'மேற்பட்டது', வரைகலையில் 'மேலடுக்கு'. மொழிபெயர்ப்புச் சரங்களை வைக்கிற கெட்டெக்ஸ்ட் கோப்பில் எம்எஸ்ஜிசிடிஎக்ஸ்டி (msgctxt) என்ற சூழல் வரி இருந்தால் ஒரே ஆங்கிலச் சரத்துக்கு மூன்று மொழிபெயர்ப்பு கொடுக்க முடியும். அதைச் சேர்க்கும்படி நிரலாளர்களுக்கு வழுவறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர்கள் சேர்க்கும்வரை அந்தச் சரத்தைத் தொடாமல் ஆங்கிலத்திலேயே விட்டுவைப்போம்.

அலைவழிப் புதுப்பிப்பு, எச்டிடிபிஎஸ் வழி டிஎன்எஸ் இரண்டையும் ஞாயிற்றுக்கிழமை கோப்பில் ஏற்றுகிறேன். மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள். மேலோங்கலுக்கு அவசரமில்லை, கல்லூரியில் பாடம் நடத்துகிறவர்கள் வகுப்பில் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும்.

அன்புடன்.