மீன் குட்டையில் மதியம் சிவப்பு, சாயங்காலம் பச்சை: இது என்ன படலம்?

மேலக்குட்டை: வணக்கம். எங்களுக்கு இருபது சென்ட் பண்ணைக்குட்டை இருக்கிறது, ஆழம் ஐந்தடி. கட்லா, ரோகு, கொஞ்சம் மிர்கால் விட்டிருக்கிறோம். தீவனச் செலவு கட்டுப்படியாகாமல் கோழி எரு கொஞ்சம் தாராளமாகவே போட்டுவிட்டோம். இப்போது பத்து நாளாகத் தண்ணீர் மேலே ஒரு படலம். காலையில் பார்த்தால் சாதாரணப் பச்சை, வெயில் ஏற ஏற செங்கல் நிறமாகி மதியம் நல்ல சிவப்பு, பொழுது சாய்ந்தால் மறுபடி பச்சை. விரலில் எடுத்தால் குங்குமம் மாதிரி ஒட்டிக்கொள்கிறது. மீன் இன்னும் சாகவில்லை, ஆனால் விடியற்காலையில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. யாரோ மருந்து கலந்துவிட்டார்கள் என்று பக்கத்து வயல்காரர் கிளப்பிவிட்டதில் வீட்டில் ஒரே பயம். என்ன இது? என்ன செய்வது?

கரைவழி: பாசிதான், வேறென்ன. மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) வாங்கிக் கரைத்துத் தெளித்தால் இரண்டே நாளில் போய்விடும். நாங்கள் அப்படித்தான் செய்வோம்.

நுண்ணோக்கி: மயில்துத்தம் பற்றி மீன் வளர்ப்பவர்கள் யாராவது சொல்லட்டும். நிறம் மாறுவதைப் பார்த்தால் இது யூக்ளினா சாங்குயினியா என்ற ஒருசெல் உயிரி மாதிரி இருக்கிறது. பதினோராம் வகுப்புப் புத்தகத்தில் படம் போட்டு பாகம் குறித்தோமே, அந்த யூக்ளினாவின் பெரிய சொந்தக்காரன். ஒரு செல் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூட வரும்.

இதற்குள்ளே பச்சையமும் இருக்கிறது, அஸ்டாசாந்தின் என்ற சிவப்பு நிறமியும் எண்ணெய்த் துளிகளாக இருக்கிறது. வெயில் அதிகமானால் அந்தச் சிவப்புத் துளிகள் செல்லின் ஓரத்துக்குப் பரவி, பச்சையத்தை மூடி நிழல் தருகின்றன. வெளிச்சம் குறைந்ததும் துளிகள் நடுவில் போய் ஒடுங்கிவிடும், பச்சை வெளியே தெரியும். ஆக, காலையில் ஒன்று மதியம் ஒன்று என்று இரண்டு பாசி இல்லை, அதே செல்கள்தான். மருந்து கலந்திருந்தால் சாயங்காலம் தண்ணீர் தானாகப் பச்சைக்குத் திரும்பாது என்று அந்தப் பக்கத்து வயல்காரரிடம் சொல்லுங்கள்.

உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு வழி: மதியப் படலத்தை ஒரு கண்ணாடி பாட்டிலில் எடுத்து, பாதியைக் கறுப்புத் தாளால் சுற்றி, நேர் வெயில் படாத ஜன்னலோரம் வையுங்கள். யூக்ளினாவுக்கு நீந்தத் தெரியும், வெளிச்சத்தை உணரவும் தெரியும். சிவப்பு குறைந்து பச்சையாகி, வெளிச்சம் வரும் பக்கமாக வந்து கூடினால் அதுதான். அப்படி நகராமல் துகள் துகளாகத் திரண்டு, கரையில் காய்ந்த இடத்தில் நீலம் பூத்திருந்தால் அது மைக்ரோசிஸ்டிஸ் போன்ற நீலப்பச்சைப்பாசியாக இருக்கலாம். அதில் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு உண்டு, மாடு கன்றை அந்தத் தண்ணீர் பக்கமே விடக்கூடாது. துரு நிறத்தில் மினுமினுக்கும் படலம் குச்சியால் தொட்டதும் சில்லு சில்லாக உடைந்தால் இரும்பு பாக்டீரியா, பயப்பட ஒன்றுமில்லை.

கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன், பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம். யூக்ளினா பச்சைப்பாசி வம்சமே இல்லை. இதன் முன்னோர் ஏதோ ஒரு காலத்தில் ஒரு பச்சைப்பாசியை விழுங்கி, செரிக்காமல் உள்ளேயே வைத்துக்கொண்டார்கள். அதனால்தான் செடிகளின் பசுங்கணிகத்துக்கு இரண்டு சவ்வு, இதற்கு மூன்று. ஆப்பிரிக்காவில் தூக்க நோய் தரும் டிரிபனசோமாதான் இதற்கு நெருங்கிய உறவு, செடி கொடி எல்லாம் ரொம்ப தூரம்.

சேல்கெண்டை: மயில்துத்தம் வேண்டவே வேண்டாம். காரத்தன்மை குறைந்த தண்ணீரில் அதுவே மீனைக் கொல்லும். அது போகட்டும், அளவு சரியாகவே போட்டாலும் இவ்வளவு படலம் ஒரே நேரத்தில் செத்து அழுகினால் இருக்கிற ஆக்சிஜனும் போய், மறுநாள் காலையில் குட்டை முழுக்க மீன் மிதக்கும். இன்னொன்று, இந்த யூக்ளினாவில் சில வகை யூக்ளினோஃபைசின் என்ற நஞ்சைத் தயாரிக்கும். அமெரிக்காவின் வட கரோலினா பண்ணைகளில் இதனால் மீன்கள் செத்தது பற்றி 2004-ல் ஆய்வுக் கட்டுரையே வந்தது. உங்கள் குட்டையில் இருப்பது அந்த வகையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, ஆனால் செல்லை உடைத்தால் உள்ளே இருப்பது தண்ணீரில்தான் கலக்கும், அந்த வேலையை நாமே ஏன் செய்ய வேண்டும்?

விடியற்காலையில் வாய் திறப்பது ஆக்சிஜன் பற்றாக்குறை. பகலில் பாசி ஆக்சிஜன் தரும், ராத்திரி அதுவும் சேர்ந்து மூச்சு விடும், விடியும் முன்புதான் அளவு அடிமட்டத்துக்கு வரும். தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் இல்லையென்றால் ராத்திரி இரண்டு மணிக்கு மேல் மோட்டாரைப் போட்டு, குட்டைத் தண்ணீரையே உறிஞ்சி உயரத்திலிருந்து பீய்ச்சி அடியுங்கள். போர் தண்ணீரை அப்படியே குழாய் வழியாக உள்ளே விடுவதில் பலன் குறைவு, அதில் ஆக்சிஜன் அவ்வளவாக இருக்காது, பலகையில் விழுந்து தெறித்து வரட்டும்.

எருவை இன்றே நிறுத்துங்கள். தீவனத்தையும் நான்கு நாளைக்குக் குறைத்துப் போடுங்கள். மதியம் காற்று படலத்தை ஒரு மூலைக்கு ஒதுக்கும், அங்கே பழைய வேட்டித் துணியை இரண்டு பேர் பிடித்து வழித்து எடுங்கள். கொசுவலையில் நிற்காது. எடுத்ததைக் கரையிலேயே கொட்டினால் மழை பெய்ததும் திரும்ப உள்ளே வந்துவிடும், தென்னைக்குப் போடுங்கள்.

மேலக்குட்டை: ரொம்ப நன்றி. பாட்டில் வைத்தேன், ஒரு மணி நேரத்தில் பச்சையாகி, தாள் சுற்றாத பக்கம் வந்து அப்பிக்கொண்டது. எரு நிறுத்தியாச்சு, ராத்திரி மோட்டாரும் ஓடுகிறது, வாய் திறப்பது குறைந்திருக்கிறது. தம்பி இப்போது அஸ்டாசாந்தின் விலையைப் போனில் பார்த்துவிட்டு, படலத்தை வழித்து விற்கலாமா என்கிறான்!

நுண்ணோக்கி: தம்பியை உட்காரச் சொல்லுங்கள். விற்பனைக்கு வரும் இயற்கை அஸ்டாசாந்தின் பெரும்பாலும் ஹெமட்டோகாக்கஸ் என்ற வேறு பாசியிலிருந்து, சுத்தமான தொட்டியில் தனியாக வளர்த்து எடுப்பது. கோழி எருக் குட்டையில் வழித்ததை, அதுவும் நஞ்சு இருக்கிறதா என்றே தெரியாததை, யாரும் வாங்க மாட்டார்கள்.

சேல்கெண்டை: விற்பதை விடுங்கள். முழங்கை வரை கையை விட்டுப் பாருங்கள், உள்ளங்கை மங்கலாகவாவது தெரிகிற வரைக்கும் எரு மூட்டையைத் தொடாதீர்கள். மீன் மறுபடி மேலே வந்தால் ஒரு பாட்டில் தண்ணீரோடு மீன்வளத் துறை அலுவலகத்துக்குப் போய்க் காட்டுங்கள்.