லேப்டாப் இருக்கிறது, 60,000 ரூபாய் இருக்கிறது: சாஃப்ட்வேரா, குரூவ்பாக்ஸா?

புதுவிசை:
விண்டோஸ் லேப்டாப், 16 ஜிபி ரேம். செய்ய நினைப்பது டெக்னோவும் ஹவுஸும் (இரண்டும் மின்னணு நடன இசை). 60,000 ரூபாய் வரை செலவழிக்கலாம். ஏபிள்டன் லைவ், எஃப்எல் ஸ்டூடியோ போல இசையமைக்கும் மென்பொருள் ஒன்றை வாங்கி, கணினிக்கு நோட்டுகளை அனுப்பும் ஒரு சின்ன மிடி கீபோர்டு வைத்துக்கொள்வதா? அல்லது எலெக்ட்ரான் டிஜிடாக்ட் மாதிரி குரூவ்பாக்ஸ் (தாளத்தை அமைத்துத் தானே வாசிக்கும் பெட்டி) ஒன்றைப் பழையதாகப் பிடித்து, கணினியே இல்லாமல் வேலை செய்வதா? அறை 10க்கு 10 அடி. காரணத்தோடு சொல்லுங்கள்.

சதுரஅலை:
சாஃப்ட்வேர்தான். குரூவ்பாக்ஸில் நாலு பார் லூப் (திரும்பத் திரும்ப ஓடும் துண்டு) சீக்கிரம் அமைந்துவிடும். அதை ஆறு நிமிடப் பாட்டாக நீட்டி, எங்கே கிக் (அடி டிரம்) விலக வேண்டும், எங்கே ஹை-ஹாட் (சிம்பல்) நுழைய வேண்டும் என்று அடுக்கும் வேலை திரையில்தான் சுலபம். மிக்ஸுக்கும் (ஒலிகளின் அளவைச் சமன் செய்ய) கடைசியில் அங்கேதான் வர வேண்டும்.

பணம் கட்டுவதற்கு முன் ஓட்டிப் பாருங்கள். லைவ் 30 நாள் இலவசம், ரீப்பர் என்ற இன்னொரு மென்பொருள் 60 நாள். ரீப்பரின் தனிநபர் லைசென்ஸ் 60 டாலர்தான், ஆனால் கூடவே வரும் சிந்த்கள் (ஒலியை உண்டாக்கும் கருவிகள்) பெயருக்குத்தான். எஃப்எல் ட்ரையல் புராஜெக்டைச் சேமிக்க விடும், மறுபடி திறக்க விடாது. அதனால் உட்கார்ந்த இடத்திலேயே முடித்து வேவ் கோப்பாக எடுத்துவிடுங்கள். வாங்கும்போது அதன் மலிவான ஃப்ரூட்டி பதிப்பை எடுக்காதீர்கள். அதில் ஆடியோ ரெக்கார்டிங் கிடையாது. ப்ரொடியூசர் பதிப்பு வாங்கினால் பின்னால் வரும் அப்டேட் எல்லாம் இலவசம், அது பெரிய விஷயம். லைவின் மலிவான இன்ட்ரோ பதிப்பு 16 டிராக்கோடு நின்றுவிடும்.

சிந்த்துக்கு ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டாம். வைட்டலின் இலவசப் பதிப்பும் சர்ஜ் எக்ஸ்டியும் இரண்டு வருடத்துக்குத் தாங்கும்.

நாலுக்குநாலு:
முழுக்க மறுக்கிறேன். நீட்டி அடுக்குவது இரண்டாவது வேலை. முதல் வேலை லூப்புக்கு உயிர் வருவது, அது விரலில் வருகிறது. டிஜிடாக்ட்டில் ஒரு பார் 16 ஸ்டெப்பாகப் பிரிந்து 16 பொத்தானில் இருக்கும். ஐந்தாவது ஸ்டெப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஃபில்டர் குமிழைத் திருகினால் அந்த ஒரு ஸ்டெப்பின் ஃபில்டர் மட்டும் மாறும், மற்ற 15 ஸ்டெப்பும் அப்படியே இருக்கும். பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும், நிறுத்த வேண்டியதில்லை. இதையே திரையில் செய்ய ஆட்டோமேஷன் கோட்டை (ஓர் அளவு நேரத்தோடு மாறுவதை வரைவது) திறந்து, புள்ளி வைத்து, பக்கத்துப் புள்ளி நகராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 16 ஸ்டெப்பிலும் இப்படி விளையாட மவுஸால் யாருக்கும் பொறுமை வராது.

2017இல் வந்த முதல் டிஜிடாக்ட்டில் எட்டு ஆடியோ டிராக், எல்லாம் மோனோ (இடம், வலம் என்று பிரியாதது), ஒரு புராஜெக்டுக்கு 64 எம்பி சாம்பிள் (பதிவு செய்த ஒலித் துண்டுகள்). கிக்கும் பேஸும் எப்படியும் மோனோவாகத்தான் இருக்க வேண்டும். எட்டுக்கு மேல் டிராக் தேடுகிறவர் பெரும்பாலும் கிக்கைச் சரியாகத் தேர்ந்தெடுக்கவில்லை என்பது என் கருத்து. தட்டியவுடன் சத்தம் வரும், டிரைவர் தொல்லையும் இல்லை.

சதுரஅலை:
ஸ்டெப் விஷயம் நியாயம்தான். தாமதம் பற்றிக் கணக்கோடு பேசுவோம். 44.1 கிலோஹெர்ட்ஸில் (ஒலியைச் செகண்டுக்கு 44,100 புள்ளிகளாக, அதாவது சாம்பிள்களாக, அளப்பது) பஃபர், அதாவது கணினி ஒரு தடவையில் சேர்த்து அனுப்புவது, 128 சாம்பிள் என்றால் 2.9 மில்லி செகண்ட். ஸ்பீக்கரில் இருந்து ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் சத்தம் காதுக்கு வரவும் அவ்வளவு நேரம்தான். 256 வைத்தால் 5.8, 512இல் 11.6. விரலால் டிரம் தட்டுகிறவருக்கு 512 உறுத்தும், மிக்ஸ் செய்கிறவருக்கு 1024 இருந்தாலும் கவலையில்லை.

"லேப்டாப்பில் லேக் ஆகுது" என்கிறவர்களிடம் வழக்கமாகத் தவறுவது இவைதான். ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியைக் கணினிக்குள்ளும் வெளியேயும் கொண்டுபோகும் பெட்டி) தயாரிப்பாளரின் சொந்த ஏசியோ (தாமதம் குறைந்த) டிரைவரைப் போடாமல் விண்டோஸ் டிரைவரிலேயே ஓட்டுவது. ப்ளூடூத் ஹெட்ஃபோன்: தாமதம் 100 மில்லி செகண்டைத் தாண்டும், வாசிக்கவே உதவாது. மூன்றாவது பலருக்குத் தெரியாது: மாஸ்டரில் (எல்லா டிராக்கும் சேரும் இடத்தில்) லீனியர் ஃபேஸ் ஈக்யூ (தாமதம் கூட்டும் ஒரு வகை ஒலி திருத்தி) கிடக்கும். அது 4096 சாம்பிள் எடுத்துக்கொண்டால் 93 மில்லி செகண்ட். பஃபரை 64க்கு இறக்கினாலும் அந்த 93 போகாது. மாஸ்டரில் இருப்பதை அணைத்துவிட்டு வாசியுங்கள், மிக்ஸின்போது திரும்பப் போடுங்கள்.

வெடிச் சத்தம் கேட்டால் லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருளைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள், எந்த டிரைவர் இடையில் புகுகிறது என்று காட்டிவிடும். பல நேரம் வைஃபை டிரைவர்தான். இன்னொன்று: ஒரு டிராக்கில் வரிசையாக அடுக்கிய பிளக்-இன் (உள்ளே சேர்க்கும் எஃபெக்ட், சிந்த்) எல்லாவற்றையும் பெரும்பாலும் ப்ராசஸரின் ஒரே கோர்தான் சுமக்கும். எட்டு கோர் இருந்தும் திணறினால் அந்த ஒரு டிராக்கை ஃப்ரீஸ் செய்யுங்கள் (தற்காலிகமாக ஆடியோவாக மாற்றுங்கள்).

கம்பிமுடிச்சு:
இரண்டு பேரும் கம்பியை மறந்துவிட்டீர்கள். ஹார்ட்வேரை யூஎஸ்பியில் லேப்டாப்போடும், ஆடியோ கேபிளில் இன்டர்ஃபேஸோடும் ஒரே நேரத்தில் மாட்டினால் கிரவுண்ட் லூப் (எர்த் இரண்டு வழியில் சேர்ந்து அமையும் சுற்று) உருவாகலாம். ஹம்மும், அதற்கு மேல் மவுஸை நகர்த்தும்போதெல்லாம் கீச்சென்ற இரைச்சலும் வரும். கண்டுபிடிக்க வழி எளிது: லேப்டாப் சார்ஜரைக் கழற்றுங்கள். சத்தம் நின்றால் கிரவுண்ட் லூப்தான். கோர்க் வோல்கா போன்ற சின்னப் பெட்டிகள் ஆறு டபுள் ஏ பேட்டரியில் ஓடும். பேட்டரியில் சுத்தமாகவும் அடாப்டரில் இரைச்சலாகவும் இருந்தால் குற்றம் அடாப்டருடையது. மருந்து: எல்லாவற்றையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் செருகுவது, பேலன்ஸ்டு (இரைச்சலை ரத்து செய்யும்) அவுட்புட் இருந்தால் மூன்று தொடர்பு உள்ள டிஆர்எஸ் கேபிள் போடுவது, இல்லையென்றால் நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் (இரு பக்கத்தையும் மின்சாரமாகப் பிரிக்கும் பெட்டி). எர்த் பின்னை வெட்டுவது மட்டும் கூடவே கூடாது, உயிருக்கு ஆபத்து.

3.5 மில்லிமீட்டர் மிடி கேபிளில் டைப் ஏ, டைப் பி என்று இரண்டு வயரிங் உண்டு. கோர்க் ஏ, அர்ட்டூரியா பீட்ஸ்டெப் ப்ரோ பி. மாறிப் போனால் எதுவும் கெடாது, ஆனால் ஒரு நோட்டும் போகாது. அதைத்தான் "மெஷின் ரிப்பேர்" என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

ஹார்ட்வேர் சிந்த்தை லைவ் வழியாக வாசிக்கும்போது ஒவ்வொரு நோட்டும் இரட்டையாக, ஃபிளாஞ்சர் எஃபெக்ட் போட்டது போல அலைபாய்ந்து ஒலித்தால் சிந்த்தில் லோக்கல் கன்ட்ரோலை ஆஃப் செய்யுங்கள். கீ ஒருமுறை நேராகவும், ஒருமுறை கணினிக்குப் போய்த் திரும்பியும் ஒலிக்கிறது.

நாலுக்குநாலு:
கம்பிமுடிச்சு சொன்ன லூப் உண்மை. ஆனால் அது கணினியோடு சேர்க்கும்போது வருவது. பெட்டியில் இருந்து நேராக ஹெட்ஃபோன் என்றால் அந்தப் பேச்சே இல்லை.

சதுரஅலை:
ரெக்கார்ட் செய்ய ஒருநாள் சேர்த்துத்தானே ஆக வேண்டும்? அப்போது இன்னொன்றும் வரும். 130 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 130 தட்டு) பாரில் பதினாறில் ஒரு பங்கான ஒரு ஸ்டெப் 115 மில்லி செகண்ட். வெளியில் போய்த் திரும்பும் ஆடியோ 12 மில்லி செகண்ட் பிந்தினால் ஸ்டெப்பில் பத்தில் ஒரு பங்கு. ஹை-ஹாட் சோம்பலாகக் கேட்கும், ஏன் என்று புரியாது. லைவில் எக்ஸ்டர்னல் இன்ஸ்ட்ருமென்ட்டில் ஹார்ட்வேர் லேட்டன்சி என்ற எண்ணைச் சரிசெய்ய வேண்டும், ரீப்பரில் ரீஇன்சர்ட் என்ற பிளக்-இன் தானே சோதனை ஒலி அனுப்பி அளந்துகொள்ளும். மிடியும் மெதுவானது: 1983ஆம் ஆண்டின் 31,250 பாட் (செகண்டுக்கு அத்தனை பிட்) வேகம்தான் ஐந்து பின் கேபிளில் இன்றும். ஒரு நோட்டுக்கு ஏறக்குறைய ஒரு மில்லி செகண்ட். ஒரே கேபிளில் எட்டு நோட்டு ஒன்றாக அனுப்பினால் எட்டாவது ஏழெட்டு மில்லி செகண்ட் பிந்தும்.

தாழ்ஒலி:
எதை வாங்கினாலும் அந்த அறையில் கிக் சரியாகக் கேட்காது. அதைத்தான் முதலில் பேச வேண்டும்.

10 அடி என்றால் 3.05 மீட்டர். நம் ஊர்ச் சூட்டில் ஒலி செகண்டுக்கு 349 மீட்டர் போகும். எதிரெதிர் சுவர்களுக்கு இடையே முதல் ரெசொனன்ஸ் (அறையே சேர்ந்து முழங்கும் அதிர்வெண்) 349ஐ 3.05இன் இரு மடங்கான 6.1ஆல் வகுத்தால் 57 ஹெர்ட்ஸ். நீளமும் அகலமும் ஒன்றே என்பதால் இரண்டும் அதே இடத்தில் சேர்ந்துகொள்கின்றன, கூரையும் 10 அடி என்றால் மூன்றும். கிக்கின் அடி பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கும். அறையின் நட்ட நடுவில் உட்கார்ந்தால் அந்த அதிர்வெண் காணாமல் போகும், சுவரோரம் போனால் இடிக்கும். நடுவில் உட்கார்ந்து மிக்ஸ் செய்கிறவர் கிக் பத்தவில்லை என்று ஏற்றிக்கொண்டே போவார். வெளியே போட்டால் கிக் மட்டும்தான் கேட்கும்.

சுவரில் ஒட்டும் முட்டை அட்டை இதற்கு ஒன்றும் செய்யாது. ஆகவே 60,000இல் ஸ்பீக்கருக்கு எதுவும் வேண்டாம். வயர் உள்ள நல்ல ஹெட்ஃபோன் வாங்குங்கள். பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ போன்றவை 32, 80, 250 ஓம் என்று வரும். லேப்டாப்பில் நேராக மாட்டுவதானால் 250 வேண்டாம், சத்தம் ஏறாது.

நாலுக்குநாலு:
ஹெட்ஃபோனில் மட்டும் மிக்ஸ் செய்தால் அகலம் (இடமும் வலமும் ஒலி பரவுவது) ஏமாற்றும். ரிவெர்பின் (எதிரொலியின்) அளவும் தவறும்.

தாழ்ஒலி:
தவறும். அதனால் மாஸ்டரில் ஒரு மோனோ பட்டன் வைத்து அடிக்கடி தட்டுங்கள். அழுத்தியதும் பேஸ் மெலிந்தால் அதில் ஸ்டீரியோ எஃபெக்ட் புகுந்திருக்கிறது, 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் மோனோ ஆக்குங்கள். அகலத்தின் தவறை மறுநாள் ஒரு ஸ்பீக்கர் ஜோடியில் கேட்டுத் திருத்தலாம். கிக்கின் தவறுக்கு அந்த அறைக்குள் திருத்தமே இல்லை.

புதுவிசை:
அப்படியென்றால் இப்போதைக்கு ரீப்பர் அல்லது லைவ் ட்ரையல், ஹெட்ஃபோன், இரண்டு இன்புட் உள்ள இன்டர்ஃபேஸ். மீதியை டிஜிடாக்ட்டுக்குச் சேர்த்து வைக்கிறேன். ஏற்கெனவே ஐந்து இன்ச் ஸ்பீக்கர் ஒரு ஜோடி இருக்கிறது, அதை எங்கே வைப்பது?

நாலுக்குநாலு:
சரியான வரிசை என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஒத்துக்கொள்ளக்கூடியது. ட்ரையல் ஓடும் 30 நாளில் இரண்டு பாட்டு முழுசாக முடியாவிட்டால் சிக்கல் லூப்பில் இருக்கிறது. அப்போது பெட்டியை முதலில் வாங்குங்கள்.

தாழ்ஒலி:
ஸ்பீக்கரை அதன் பின்னால் இருக்கும் சுவரோடு ஒட்டாமல் வையுங்கள். உங்கள் தலை அதே சுவரில் இருந்து மூன்றே முக்கால் அடியில் இருக்கட்டும், நடுவில் வேண்டாம். பிறகு வைட்டலில் வெறும் சைன் அலையை (ஒரே அதிர்வெண் உள்ள சுத்தமான ஒலி) எடுத்து, கீழ் ஈ நோட்டில் இருந்து (41 ஹெர்ட்ஸ்) ஒவ்வொரு கீயாக ஒரே அழுத்தத்தில் ஒன்றரை ஆக்டேவ் மேலே வாசியுங்கள். எந்த நோட்டு பொங்குகிறது, எது மறைகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஏ நோட்டும் (55 ஹெர்ட்ஸ்) அதற்கு அடுத்த ஏ ஷார்ப்பும் தாளில் நிச்சயம் வரும். அந்த இரண்டில் கிக்கை ட்யூன் செய்யும் பாட்டுகளை மட்டும் ஸ்பீக்கரில் முடிவு செய்யாதீர்கள், ஹெட்ஃபோனுக்குப் போய்விடுங்கள்.