கட்டெறும்புக் கூட்டில் மைட்: மருந்தில்லாமல் வழி உண்டா?

காட்பாடியிலிருந்து: சோதனைக் குழாயில் கட்டெறும்பு வளர்க்கிறேன். ராணியின் வயிற்றடியில் வெளிர் புள்ளிகளாக மைட்டுகள் (உண்ணி போன்ற நுண்ணிய உயிர்கள்). என்ன செய்யலாம் அண்ணா?

பதில்: ஓடுகிறதா, அசையாமல் ஒட்டியிருக்கிறதா? அசையாதவை பெரும்பாலும் ஓசிச் சவாரிக்காரர்கள். இப்படி ஒட்டிச் சவாரி செய்யும் வளர்பருவத்தில் அவற்றுக்குத் தின்ன வாயே கிடையாது, ராணியை உறிஞ்சாது. இறங்கியதும் மிச்சத் தீனியில்தான் பெருகும். மிஞ்சிய கரப்பான் காலைக்கூட அன்றே எடுத்துவிடுங்கள் தம்பி. அடுத்த தீனிப் பூச்சியைக் கொதிநீரில் முக்கி எடுத்த பிறகே போடுங்கள்.

காட்பாடி: அசையவில்லை அண்ணா. எலுமிச்சைத் துண்டு வைக்கலாமா?

பதில்: பலர் வைக்கிறார்கள், எனக்கு நம்பிக்கையில்லை. புதுக் குழாய்க்கு மாற்றுங்கள். தீனிப் பக்கம் காய்ந்திருக்கட்டும், மைட்டுக்கு வறட்சி ஆகாது. அதற்காக வேலூர் வெயிலில் வைத்துவிடாதீர்கள், ராணி வெந்துவிடும்!

இன்னொருவர்: மைட் தின்னும் மைட்டும் உண்டு, ஸ்ட்ராட்டியோலேலாப்ஸ். அதற்கும் ஈரம் வேண்டும்.