புதுப்பிப்பு: எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் வரும் லோத்தோங்

போன மாதம் இங்கே ஒரு கேள்வி போட்டிருந்தேன். பினாங்கின் தஞ்சோங் பூங்கா வட்டாரத்தில் எங்கள் பால்கனிக்கு எதிரே ஒரு லோத்தோங் (லங்கூர் எனப்படும் சாம்பல் நிற இலைக்குரங்கு) கூட்டம் வருகிறது, அதில் ஒன்று மட்டும் ஆரஞ்சு நிறக் குட்டியை இடுக்கிக்கொண்டு திரிகிறது, வேறு இனக் குட்டியைத் தூக்கி வந்துவிட்டதா என்று. சிரித்தவர்கள் சிரித்தது நியாயம்தான். லோத்தோங் குட்டி பிறக்கும்போதே அந்த நிறம்தானாம். சில மாதங்களில் சாம்பலாகிவிடும். இப்போதே தலையும் வாலும் கறுக்க ஆரம்பித்துவிட்டன.

அப்புறம், அவற்றுக்கு வாழைப்பழம் வைப்பதை நிறுத்திவிட்டேன். அவை இலைதின்னிகள். மாட்டைப் போலப் பல அறை கொண்ட இரைப்பையில் இலையைப் புளிக்க வைத்துத்தான் செரிக்கின்றன. இனிப்புப் பழம் அதைக் கெடுத்துவிடும். அம்மாவுக்குத்தான் மனசே இல்லை. "வாயில்லா ஜீவனுக்கு ஒரு பழம்கூடவா?" என்று இன்னும் கேட்கிறார்.

அவை சாலையைக் கடப்பதுதான் பெரிய கவலை. சிலர் சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை பினாங்கிலேயே இருக்கும் தெலுக் பஹாங் போய், குரங்குகள் சாலைக்கு மேலே கடக்கக் கட்டிய பாலத்தைப் பார்த்தேன். 2019 பிப்ரவரியில் பினாங்கு லங்கூர் திட்டக் குழு கட்டியது, பழைய தீயணைப்புக் குழாய்களை வைத்து! லோத்தோங் மட்டுமல்ல, கெராவும் (நீண்ட வால் குரங்கு) அணிலும்கூட அதில் போகின்றன. நான் நின்ற ஒரு மணி நேரத்தில் வந்தது ஓர் அணில்தான். சரி, அதுவாவது வந்ததே.

லோத்தோங் கிளை வழியே கடக்கட்டும், சாலையோர மரக்கிளைகளை வெட்ட வேண்டாம் என்று எங்கள் குடியிருப்பு நிர்வாகத்திடம் கடிதம் கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் இல்லை.