எம்பிடியில் (பிசியோதெரபி முதுநிலைப் படிப்பு) நியூரோவா, ஆர்த்தோவா?

வணக்கம். பிபிடி (பிசியோதெரபி இளநிலைப் படிப்பு) இன்டர்ன்ஷிப் முடியப் போகிறது. அடுத்து 2 வருட எம்பிடி. எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள கல்லூரிகளைத்தான் பார்க்கிறேன்.

எனக்குப் பிடித்தது நியூரோ, அதாவது நரம்பியல் பிரிவு. பக்கவாதம் வந்தவரை நாற்காலியிலிருந்து எழப் பழக்கும்போது, பலமிழந்த காலில் எடையைத் தாங்க வைக்கவே வாரக்கணக்கில் ஆகும். அந்தப் பொறுமை எனக்கு உண்டு. வீட்டிலோ, "ஆர்த்தோ எடு, மூட்டுவலிக்காரர்களுக்கா பஞ்சம்? கிளினிக் போட்டால் பிழைத்துக்கொள்ளலாம்" என்கிறார்கள். அதுவும் நியாயம்தான். ஸ்போர்ட்ஸ் பக்கம் போகிற எண்ணம் இல்லை.

நியூரோ முடித்த சீனியர்கள் சொல்லுங்கள்: வீட்டுக்கே போய்ச் சிகிச்சை தருவதில் வருமானம் நிலையாக வருகிறதா? அப்புறம், ஒரு கல்லூரியின் மருத்துவமனைக்கு ஸ்ட்ரோக் நோயாளிகள் போதுமான அளவு வருகிறார்களா என்பதைச் சேருவதற்கு முன்பே எப்படித் தெரிந்துகொள்வது?